பாங்காக்கில் ஆற அமர ஒரு நாள்: விடியற்காலை பூச்சந்தை முதல் இரவுச் சாப்பாடு வரை முழுமையான வழிகாட்டி

பாங்காக்குக்கு வீட்டுப் பெரியவர்களையும் நண்பர்களின் குடும்பங்களையும் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். முதல்முறை வருபவர் கையில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் தவறாமல் இருக்கும். எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்ற யோசனைதான் இருக்காது. மதியம் ஒரு மணி வெயிலில் கோவில் முற்றத்தில் காய்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்சியில் ஏறி அசையாத சாலையில் உட்கார்ந்திருப்பார்கள். இரவு அறைக்கு வந்ததும் கால் வலிதான் நினைவில் நிற்கும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: நாள் முழுக்க சாவ் பிரயா ஆற்றை ஒட்டியே இருப்பது, நீண்ட தூரத்துக்கு ரயிலும் படகும், சாலையில் நடை மட்டும். நடுப்பகலில் நான்கு மணி நேரம் ஓய்வு. கீழே உள்ள வரிசை அதை வைத்துப் போட்டது.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பாங்காக்கில் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் பல அன்று விடுமுறை எடுக்கும். நம் நாள் யாவரட் என்ற சீனத்தெருவின் தெருச் சாப்பாட்டில் முடிகிறது. கடை இல்லாத யாவரட் வெறும் போக்குவரத்துச் சாலை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கச் சுகமான காலம். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நம் கத்திரியைப் போல இருக்கும், வியர்வை இன்னும் அதிகம். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை. பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு கொட்டும். ஏப்ரல் 13, 14, 15 சோங்க்ரான் புத்தாண்டு. அந்த மூன்று நாளும் தெருவில் போகிற வருகிற எல்லோர் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்காகவே போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம், இந்த வழிகாட்டிக்கு ஒத்துவராது.

2. முந்தின நாள் இரவு எடுத்து வைக்க வேண்டியவை

சில்லறை. ஏடிஎம்மில் 1000 பாட் நோட்டாக வரும். அதை ஐந்து பாட் படகுத்துறையில் நீட்ட முடியாது. முந்தின இரவே ஏதாவது ஒரு செவன் லெவன் கடையில் தண்ணீர் வாங்கி, நோட்டை 20ம் 100மாக மாற்றிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், ஆகவே தண்ணீர் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள்.

உடை. கோவிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் இதே விதிதான். சேலை, சுடிதார், முழுக்கால்சட்டை எதுவும் சரி. கையில்லாத மேலாடை, அரைக்கால்சட்டை, கிழிசல் வைத்த ஜீன்ஸ் கூடாது. மேலே ஒரு துப்பட்டா போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களை அரண்மனை வாசலில் திருப்பி அனுப்பி நான் பார்த்திருக்கிறேன். காலுக்கு, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பத்து தடவையாவது கழற்ற வேண்டியிருக்கும்.

கைபேசி. வாடகைக் கார் கூப்பிடும் கிராப் அல்லது போல்ட் செயலியை ஊரிலேயே இறக்கி, உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டுப் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் சிம்மை மாற்றிய பிறகு ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும். நடுத்தெருவில் நின்று விழிக்க வேண்டிவரும்.

இவற்றோடு ஒரு குடை, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, கைத்துண்டு. அவ்வளவுதான். பை கனத்தால் நடை தளரும்.

3. மூன்றே இடம், நான்காவது வேண்டாம்

பூச்சந்தை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் கோவில்). சாயங்காலம் யாவரட்டில் சாப்பாடு. பகலுக்கு இது போதும்.

'அரண்மனை எங்கே?' என்று உடனே கேட்பீர்கள். கிராண்ட் பேலஸ் பார்க்க வேண்டிய இடம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே நிழல் குறைவு, கூட்டம் அதிகம், உள்ளே போனால் இரண்டு மூன்று மணி நேரம் நின்றபடியே போய்விடும். அதையும் இந்த மூன்றையும் ஒரே காலையில் திணிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அதற்குத் தனி நாள் இல்லாதவர்களுக்கு மாற்று வரிசை ஒன்றைக் கடைசியில் கொடுத்திருக்கிறேன்.

4. காலை ஆறரை: ரயிலில் சனாம் சாய்

எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் நீலத் தடத்தில் சனாம் சாய் நிலையத்தில் இறங்க வேண்டும். 2019இல் இந்த நிலையம் திறந்ததிலிருந்து பழைய நகரத்துக்குச் சாலை வழியாகப் போகத் தேவையே இல்லை.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். பாங்காக்கில் மேலே ஓடும் பிடிஎஸ் ரயில் வேறு, எம்ஆர்டி வேறு. நிறுவனம் வேறு, டிக்கெட்டும் வேறு. பிடிஎஸ் கவுன்டரில் நின்று சனாம் சாய்க்கு டிக்கெட் கேட்டால் கிடைக்காது. பிடிஎஸ் ஓரமாகத் தங்கியிருந்தால் அசோக்கில் இறங்கி சுகும்வித் எம்ஆர்டிக்கோ, சாலா டேங்கில் இறங்கி சீலோம் எம்ஆர்டிக்கோ நடந்து மாறி, அங்கே புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டும். எம்ஆர்டி வாசலில், தொட்டால் பணம் போகும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அப்படியே காட்டி உள்ளே போகலாம். வெளிநாட்டில் அந்த வசதி வேலை செய்யும்படி வங்கிச் செயலியில் முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் தருவார்கள். உள்ளே போகும்போது அதைத் தொடுவது, வெளியே வரும்போது துளையில் போடுவது. பையின் அடியில் போட்டுவிட்டுத் தேடாதீர்கள், சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

சனாம் சாய் நிலையத்தையே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தூண்களும் கூரையும் அரச மண்டபம் போலச் செய்திருக்கிறார்கள்.

5. ஏழு மணி: பாக் க்லோங் தலாட் பூச்சந்தை

நிலையத்திலிருந்து சில நிமிட நடை. இந்தச் சந்தை இரவும் பகலும் நடக்கிறது, ஆனால் மும்முரம் நள்ளிரவிலிருந்து விடியல் வரை. ஏழு மணிக்குப் போனால் அந்தச் சுறுசுறுப்பின் வால் கிடைக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பத்து மணிக்குப் போனால் பூ இருக்கும், ஆட்கள் தூங்கி வழிவார்கள்.

நமக்கு இங்கே பார்க்க நிறைய உண்டு. மல்லிகை மொட்டையும் எருக்கம்பூவையும் ஊசியில் கோத்து, கீழே ரோஜா தொங்கவிட்ட சிறு மாலைகளுக்கு புவாங் மாலை என்று பெயர். மாலை என்ற சொல்லே காதில் விழும்போது நின்று கேட்கத் தோன்றும். எருக்கை நாம் பிள்ளையாருக்குக் கொண்டுபோவோம். அவர்கள் புத்தருக்கும் வீட்டு வாசலில் உள்ள சிறு தெய்வ மாடத்துக்கும் சார்த்துகிறார்கள். தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்து விற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் அத்தை அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டார், நான் அவசரப்படுத்தவில்லை.

ஒரு மாலை வாங்கி அடுத்து போகும் கோவிலில் வையுங்கள். தலையில் சூடிக்கொள்ளவோ முகர்ந்து பார்க்கவோ வேண்டாம். சாமிக்கான பூவை முகர்வதில்லை என்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே. சுமைவண்டி தள்ளி வருபவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நில்லுங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையம், பூங்கா போன்ற பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.

6. வழியில் ஒருவர் வந்து பேசுவார்

பூச்சந்தையிலிருந்து வாட் போவுக்கு நடக்கும் பத்து நிமிடத்தில் இது நடக்க வாய்ப்பு உண்டு, அதனால் இங்கேயே சொல்கிறேன். நல்ல உடை உடுத்திய ஒருவர் சிரித்த முகத்தோடு, 'இன்று விசேஷ நாள், கோவில் மதியம்தான் திறக்கும், அதற்குள் வேறு இடங்கள் காட்டுகிறேன், டுக்டுக் ஆட்டோவுக்கு இருபது பாட்தான்' என்பார்.

கோவில் திறந்துதான் இருக்கும். அந்த இருபது பாட் சவாரி ஒரு நகைக்கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். கல் பதித்த மோதிரத்தை ஊரில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஓட்டுநருக்குக் கடையிலிருந்து கமிஷன் வருகிறது, அதனால்தான் கூலி அவ்வளவு குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு படித்த தம்பதி இப்படி ஒரு முழுக் காலையை இழந்தார்கள்.

சிரித்துத் தலையசைத்துவிட்டு நடையை நிறுத்தாமல் போங்கள். நின்று பதில் சொன்னால் பேச்சு வளரும். திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்டரில் மட்டும் கேளுங்கள்.

7. எட்டு மணி: வாட் போ

திறக்கும் நேரம் எட்டு. கட்டணம் 2024 ஜனவரி முதல் 300 பாட். கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், கட்டணம் அவ்வப்போது ஏறும்.

உள்ளே போனதும் முற்றத்துச் சிலைகளில் மயங்கி நின்றுவிடாமல், நேராக வடமேற்கு மூலையில் உள்ள சயன புத்தர் மண்டபத்துக்குப் போங்கள். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபம் சிலையை இறுகப் பிடித்தாற்போல இருக்கும், பார்க்க நமக்குக் கிடைப்பது ஒரு நீண்ட நடைபாதைதான். ஒன்பதரைக்குப் பேருந்துக் கூட்டம் வந்தால் அந்த நடைபாதையில் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். எட்டேகாலுக்கு நீங்களும் இன்னும் இருபது பேரும் மட்டும். முற்றங்கள் அகலமானவை, கூட்டம் வந்த பிறகும் அவற்றைப் பார்க்கலாம்.

பாதங்களைப் பார்க்காமல் வராதீர்கள். முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கச் சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள் இருக்கும். இருபது பாட் கொடுத்துச் சில்லறைக் காசு வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். காசு விழும் ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சந்நிதியில் உட்கார்ந்தால் கால் நீட்டக் கூடாது. பாதம் புத்தரைப் பார்க்கக் கூடாது. மண்டியிட்டு, காலைப் பின்னால் மடித்து உட்காருங்கள். பெண்கள் பிட்சுக்களைத் தொடவோ எதையும் நேராக அவர்கள் கையில் கொடுக்கவோ கூடாது.

தாய் மசாஜுக்குப் பெயர்போன பள்ளி இந்தக் கோவிலினுடையது. வளாகத்துக்குள்ளேயே மசாஜ் மண்டபம் உண்டு. செய்துகொள்வதானால் சயன புத்தரைப் பார்த்த கையோடு போங்கள். வயிறு நிறைந்த பிறகு அந்த அழுத்தம் தாங்காது, நேரம் ஆக ஆகக் காத்திருப்போர் வரிசையும் நீளும்.

8. ஐந்து பாட் படகு, அப்புறம் வாட் அருண்

வாட் போவின் வடமேற்குப் பக்கமாக வெளியே வந்தால் தா தியன் படகுத்துறை. எதிர்க்கரைக்குப் போகும் படகுக்கு ஐந்து பாட், இரண்டு மூன்று நிமிடப் பயணம். துறைக்குள் நுழையும்போதே 'படகு, படகு' என்று நூற்றுக்கணக்கில் விலை சொல்லிக் கூப்பிடுபவர்கள் தனிவாடகைப் படகுக்காரர்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய், உள்ளூர்க்காரர்கள் காசு கொடுத்து நுழையும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

வாட் அருணுக்கு 200 பாட். அருண் என்பது நம் அருணன்தான், விடியல். பெயருக்கு ஏற்ற காரணம் ஒன்றைப் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். கோவில் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது, முகப்பு கிழக்கே பார்க்கிறது. காலை வெயில் நேராக அதன் மேல் விழும். பீங்கான் துண்டுகளால் ஆன பூவேலைப்பாடு பளிச்சென்று தெரிய வேண்டுமானால் பத்து, பதினொரு மணிக்குள் இங்கே இருக்க வேண்டும். மாலையில் எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கோபுரத்தின் கரிய உருவம் மட்டும் வானத்தில் நிற்கும். அதுவும் அழகுதான், ஆனால் பூவேலை தெரியாது. மாலை அஸ்தமனத்துக்குத்தான் வாட் அருண் என்று படித்துவிட்டு, அந்த நேரத்தில் கோவிலுக்குள்ளேயே வந்து நிற்பவர்கள் இரண்டையும் தவறவிடுகிறார்கள்.

நடுக்கோபுரத்தில் உச்சி வரை விடுவதில்லை, நடு மட்டம் வரைதான். படி செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே சுற்றி வந்தால் போதும், வேலைப்பாடு முழுக்கக் கண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏறுபவர்கள் இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்பக்கமாக, கைப்பிடியை விடாமல் இறங்குங்கள்.

தாய் பாரம்பரிய உடையை வாடகைக்குத் தரும் கடைகள் கோவிலைச் சுற்றி நிறைய. குடும்பத்தில் யாராவது ஆசைப்பட்டால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். முடி பின்னி முடிக்கவே அரை மணி ஆகும்.

9. பதினொன்றரை: நிறுத்திவிடுங்கள்

பெரும்பாலானோர் கேட்காத அறிவுரை இதுதான். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறையில் படுப்பதா?' என்பார்கள். படுத்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கும் தெம்பாக நடக்கிறார்கள். படுக்காதவர்கள் நான்கு மணிக்கு ஏதோ ஒரு வணிக வளாகத்து நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் இந்த ஓய்வு கட்டாயம்.

வாட் அருண் படகுத்துறையிலிருந்தே தெற்கே போகும் படகில் ஏறி சாதோர்ன் துறையில் இறங்கினால் மேலே சாபான் தக்சின் பிடிஎஸ். அங்கிருந்து அறைக்கு. அறை ரொம்பத் தூரம் என்றால், சாதோர்னிலிருந்து இலவசப் படகில் ஐகான்சியாம் வணிக வளாகத்துக்குப் போகலாம். தரைத்தளத்தில் மிதக்கும் சந்தை போலச் செய்திருக்கிறார்கள். குளிர்சாதனத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

10. நாலரை: மறுபடி படகு

சாதோர்ன் துறையிலிருந்து வடக்கே ராட்சவோங் துறை வரை. படகில் பறக்கும் கொடியின் நிறம்தான் முக்கியம். ஆரஞ்சுக் கொடிப் படகு எல்லா நாளும் ஓடும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், சுமார் 16 பாட். நீலக் கொடி சுற்றுலாப் படகு, கட்டணம் கூடுதல், இடம் தாராளம். மற்ற நிறங்கள் வேலைநாள் நெரிசல் நேரத்துக்கானவை, பல துறைகளில் நிற்காமல் போய்விடும்.

சாதோர்னில் நுழைந்ததும் நாள் முழுவதற்குமான சுற்றுலாப் படகு டிக்கெட்டை வாங்கச் சொல்வார்கள். ஒரு நாளில் ஆறேழு துறை ஏறி இறங்குபவர்களுக்கு அது லாபம். நமக்கு நெடுந்தூரப் படகு இரண்டே தடவைதான், தனித்தனியாக வாங்குவது மலிவு. என் மைத்துனர் கேட்காமல் வாங்கி ஒரே ஒரு தடவை பயன்படுத்தினார்.

படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். விசில் சத்தம் கேட்டதும் பின்பக்கமாகக் கூட்டத்தோடு ஏறிவிட வேண்டும். இறங்கும் துறைக்கு முந்தின துறையிலேயே எழுந்து பின்னால் வந்துவிடுங்கள். பெரியவர்களை நடுவில் விட்டு முன்னும் பின்னும் ஒருவர் நிற்பது நல்லது. பிட்சுக்களுக்கான இடத்தில் உட்கார வேண்டாம்.

11. யாவரட்: எப்போது, என்ன சாப்பிடுவது

ராட்சவோங் துறையிலிருந்து அதே பெயருள்ள சாலையில் பத்து நிமிடம் நடந்தால் யாவரட் சாலை, பாங்காக்கின் சீனத்தெரு. தெருக்கடைகள் ஆறு மணிக்குத்தான் அடுப்பு மூட்டும். ஐந்து மணிக்கு வந்தால் சாம்பெங் சந்தின் மொத்தக்கடைகள் மூடுவதற்குள் ஒரு நடை நடக்கலாம். ஏழு, ஏழரைக்குள் சாப்பிட்டு முடித்தால் வரிசையில் நிற்க வேண்டாம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே அறிவுரை: எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் நின்று வாங்குகிறார்களோ அங்கே. ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல், ஆளுக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் நாலைந்து ருசி கிடைக்கும்.

சைவக்காரர்கள்தான் சிரமப்படுவார்கள். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு, மீன் சாறான நாம்ப்ளாவை ஊற்றிக் கொடுப்பார்கள். அதைக் குழம்பில் உப்பு போலத்தான் நினைக்கிறார்கள், ஏமாற்றும் எண்ணமில்லை. பப்பாளிக்காய்ச் சாலட்டில் காய்ந்த இறால், காய்கறி வதக்கலில் சிப்பி சாறு. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண் போல இருக்கும். அந்தக் கொடி உள்ள கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் சைவத் திருவிழாவின் ஒன்பது நாளும் யாவரட் முழுக்க மஞ்சள் கொடிதான். சைவக் குடும்பங்கள் அந்த நாட்களைப் பார்த்துப் போனால் ராஜ உபசாரம்.

மற்ற நாளில் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் எங்கும் கிடைக்கும். கடைசி ஆயுதமாக, யாவரட்டிலிருந்து சற்றுத் தள்ளி பாஹுரட்டில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வயதானவர்களுக்கு இரவில் ரொட்டியும் பருப்பும் கிடைத்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

12. திரும்பும்போது

இரவு டாக்சி பிடிக்க யாவரட் சாலையில் நிற்காதீர்கள். மீட்டர் போட மறுப்பார்கள், போட்டாலும் வண்டி நகராது. வாட் மங்கோன் எம்ஆர்டி நிலையம் நடக்கும் தூரம். அதே நீலத் தடம், ரயில் மாறாமல் சீலோமுக்கும் சுகும்வித்துக்கும் போகிறது. நள்ளிரவு வரை ரயில் உண்டு.

13. வரிசையை மாற்ற வேண்டி வந்தால்

அரண்மனையைக் கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் பூச்சந்தையை விட்டுவிடுங்கள். எட்டரைக்கு அரண்மனை வாசல் திறக்கும்போது நீங்கள் முதல் வரிசையில் இருக்க வேண்டும். கட்டணம் 500 பாட். முதலில் மரகத புத்தர் சந்நிதி, அங்கே உள்ளே படம் எடுக்கக் கூடாது. பதினொரு மணிக்கு வெளியே வந்து நேராக ஓய்வுக்குப் போங்கள். வாட் போவை மூன்றரை மணிக்கு வைத்துக்கொண்டு, வாட் அருணுக்குள் போகாமல் தா தியன் கரையிலிருந்தே அஸ்தமனத்தில் பாருங்கள். பிறகு சனாம் சாயிலிருந்து வாட் மங்கோனுக்கு ரயிலில் இரண்டே நிறுத்தம்.

காலையிலேயே மழை பிடித்தால் சயன புத்தர் மண்டபத்துக்கும் பூச்சந்தையின் கூரைக்கடியிலும் போகலாம், ஆனால் வாட் அருண் படிகளில் ஏறாதீர்கள், வழுக்கும். மாலை மழை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். அதுவரை அறையிலேயே இருந்து, படகை விட்டுவிட்டு ரயிலில் நேராக வாட் மங்கோனில் இறங்குங்கள். மழை நின்றதும் கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டி அடுப்பை மறுபடி மூட்டிவிடுவார்கள்.